செருப்பு வாரை அவிழ்க்கிற நேரம்

அந்த போனை இப்படி என் முன்னாலயே வைக்கணுமா? பேசுறது எல்லாம் அதுல பதிஞ்சிருமா? சரி, வைங்க. ஆனா நான் நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்திரணும். நீங்க காலேஜ்ல தமிழ் எடுக்கீங்கன்னு சொன்னாங்க. மருதப்பன் ஐயாவுக்கு நினைவு மலர் போடுத வேலையை உங்ககிட்டதான் கொடுத்திருக்காங்கன்னும் சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம்மா. ஐயா தவறி இன்னையோட இருபத்திரெண்டு நாள். இந்த இருபத்திரெண்டு நாள்ல இந்த வாசப்படி மிதிச்சு வந்த முத ஆள் நீங்கதான். குத்தமாச் சொல்லல. சும்மா சொல்லுதேன்.

காபி குடிங்க. நான் போட்டதுதான், கொஞ்சம் கசக்கும். வீட்டுல பொம்பளை இல்ல.

பேரு பூவலிங்கம். வயசு அறுபத்தேழு. பொறுப்பா? பொறுப்புன்னு ஒன்னும் கிடையாது. வட்டம் கிடையாது, ஒன்றியம் கிடையாது, கடைசி வரைக்கும் வெறும் மெம்பர்தான். "ஐயா கூட இருந்தவர்"னு போடுங்க, போதும். முப்பத்தோரு வருஷம் கூட இருந்தேன். அந்தத் துண்டு போட்டுக்கிட்டு டீவியில அழுதானுகள்லா, அவனுக எல்லாம் எப்ப வந்தானுகன்னு எனக்குத் தெரியும். விடுங்க, அதெல்லாம் மலர்ல வராது.

என்ன கேட்டீங்க? ஐயா எப்படி அத்தனை பேரு பேரையும் ஞாபகம் வச்சிருந்தாங்கன்னா? இது வரைக்கும் நீங்க பாத்தவங்க எல்லாரும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க. சொல்லாம இருப்பாங்களா? ஆறு தடவை எம்.எல்.ஏ. தொகுதியில நூத்தி நாப்பது ஊரு, ரெண்டே கால் லட்சம் ஓட்டு. எந்த ஊர்ல, எந்தத் தெருவுல சாவு விழுந்தாலும் மறுநாளைக்குள்ள ஐயா வந்து நிப்பாங்க. கட்சி பாக்கிறது இல்ல, சாதி பாக்கிறது இல்ல. வந்து, மாலையைப் போட்டுட்டுப் போற ஆளு கிடையாது. "ஏ பிச்சைக்கனி, அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு போன மாசமே சொன்னேல்லா"ன்னு பேரைச் சொல்லிக் கையப் புடிப்பாங்க. அவ்வளவுதான், அந்த ஆளு ஐயா தோள்ல சாஞ்சு சின்னப் பிள்ளை மாதிரி அழுவான். எதிர்க்கட்சிக்காரன் பொண்டாட்டியெல்லாம், "எங்க வீட்டு ஆளுக்குத் தெரியாம நான் ஐயாவுக்குத்தான் போட்டேன்"னு சொல்லியிருக்கு.

அது அவங்களுக்கு ஆண்டவன் கொடுத்த வரம்மா. எழுதிக்கோங்க. ஆண்டவன் கொடுத்த வரம்.

...

அந்த போனைக் கொஞ்சம் நிறுத்துங்க. நிறுத்தியாச்சா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சரி.

அந்த வரம் நான்தான்.

சிரிக்காதீங்க. பெருமைக்குச் சொல்லல. இருபத்திரெண்டு நாளா வயித்துக்குள்ள வச்சுக்கிட்டுக் கிடக்கேன். நான் அதுக்கு முன்னால ரேஷன் கடையில எடை போட்டுக்கிட்டிருந்தேன். மூணு கடை, ஆயிரத்து அறுநூறு கார்டு. கார்டைப் பாக்காமலே சொல்லுவேன், இந்த வீட்டுல இத்தனை தலை, இன்னாருக்கு இன்னாரு மகன்னு. எனக்கு அப்படி ஒரு மண்டை. பள்ளிக்கூடத்துல ஏறாதது எல்லாம் அதுல ஏறும். ஐயா முத தடவை நின்னப்ப எங்க தெருவுக்கு ஓட்டுக் கேக்க வந்தாங்க. நான் பின்னால நின்னு ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னாடி, "இது இன்னாரு வீடு, மகன் பட்டாளத்துல இருக்கான், மருமக மாசமா இருக்கு"ன்னு காதுல போட்டேன். ஆறு வீடு தாண்டினதும் ஐயா திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அன்னைக்குக் கூட ஏறினவன்தான். தராசு அங்கேயே ஆடிக்கிட்டு நின்னிருக்கும்.

எப்படிச் சொல்லுவேன்னு கேளுங்க, அதுதான் வேலை. துக்க வீட்டுக்குள்ள போயி ஒருத்தர் காதுல குசுகுசுன்னு பேசினா நல்லாவா இருக்கும்? அதுக்கு ஐயாவே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. வார் வச்ச செருப்பு வாங்கினாங்க. எல்லாரும் சும்மா உதறிட்டு உள்ள போற செருப்பு போடுவாங்கள்லா, ஐயா கொக்கி வச்ச வார்ச் செருப்பு. வாசல்ல குனிஞ்சு ரெண்டு காலு வாரையும் அவிழ்க்கணும். "ஐயா இருங்க"ன்னு நானும் கூடக் குனிவேன். இடது காதுப் பக்கம். அந்த நேரம்தான் எனக்கு. நாலு விஷயம் சொல்லணும். தவறினவங்க பேரு. கையப் புடிக்க வேண்டிய ஆளு பேரு. என்ன சீக்கு. அந்த வீட்டுல யாருக்கு யாரோட பேச்சு இல்லங்கிறது. நாலாவதுதான் முக்கியம்னு ஐயா சொல்வாங்க.

ஆனா நான் பேரைத்தான் கொடுத்தேன். அதுக்கப்புறம் நடந்தது ஐயாவோடது. அதை நீங்க நல்லா விளங்கிக்கிடணும். மேலக்காட்டுல வெவசாயம் பாத்த ஒரு சம்சாரி செத்தாரு, ரெண்டு மகனும் கிணத்துத் தகராறுல ஒன்பது வருஷமா மூஞ்சியில முழிக்கல. ஒருத்தன் தலைமாட்டுல நிக்கான், ஒருத்தன் தெருவுல நிக்கான். ஐயா உள்ள போனாங்க. தலைமாட்டுல நின்னவன் கையப் புடிச்சாங்க, விடல. அப்படியே இழுத்துக்கிட்டுத் தெருவுக்கு வந்து மத்தவன் கையையும் புடிச்சாங்க. "நீங்க ரெண்டு பேரும் இப்பப் பேச வேண்டாம். தூக்கிட்டு மட்டும் வாங்க. மத்ததை நான் பேசுறேன்"னாங்க. ரெண்டு பேருமாத்தான் தூக்கினானுக. சொன்ன மாதிரி எட்டாம் நாளு ஐயா அந்தக் கிணத்து மேட்டுல போயி உக்காந்து பேசித் தீத்துட்டுத்தான் வந்தாங்க. "நான் பேசுறேன்"னு ஐயா வாயில வந்துட்டா, அது முடிஞ்ச மாதிரி. பேசாம விட்டதே கிடையாது. இதை எழுதுங்க. இது நூத்துக்கு நூறு உண்மை.

என் குடும்பமா? அது எதுக்கு மலருக்கு?

சரி, கேட்டுட்டீங்க. சம்சாரம் பேரு உலகம்மாள். ஒரே பொண்ணு, அனுசுயா. கோயம்புத்தூர்ல கட்டிக் கொடுத்திருக்கு. சம்சாரம் தவறி நாலு வருஷம் ஆச்சு.

அவளை மாதிரி ஒருத்தி கிடையாதும்மா. துக்க வீட்டுக்குப் போயிட்டு வந்தா குளிக்காம ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டாங்க ஐயா. அவங்க வீடு டவுன்ல, முப்பது கிலோமீட்டர். எங்க வீடு வழியில. அதனால குளிக்கது, சாப்பிடுதது எல்லாம் இங்கதான். வாரத்துக்கு மூணு நாளு, நாலு நாளு. தை, மாசியில பெருசுக வரிசையாப் போகும்லா, அப்ப தினமும். பின்வாசல்ல வெந்நி கொதிச்சுக்கிட்டே இருக்கும். ஐயாவுக்குன்னு தனி வேட்டி, தனித் துண்டு, மடிச்சு வச்சிருப்பா. மிளகு ரசமும் பருப்புத் துவையலும் ஐயாவுக்குப் புடிக்கும். "தங்கச்சி கைக்கு மோதிரம் போடணும்"பாங்க. அவ கதவுக்குப் பின்னால நின்னு சிரிப்பா. ஒரு நாளும் மூஞ்சி சுளிச்சது இல்ல. ஒரு தடவை மட்டும், "ஊர்ல எந்த வீட்டுல யாரு செத்தான்னு உங்களுக்குத் தெரியுது, நம்ம வீட்டுல யாருக்குக் காய்ச்சல்னு தெரியல"ன்னா. சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுதான்.

கிட்னி போச்சு. வாரம் ரெண்டு தடவை டவுன் ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணணும். பொண்ணு கோயம்புத்தூர்ல இருந்து வந்து கூட இருந்தா. நானும் போயிருக்கேன், போகாம இல்ல. அன்னைக்குக் காலையில ஐயா வண்டி வந்துட்டு. மூணு சாவு. மூணும் மூணு திசை. "நீ வேணா இருடா, நான் சமாளிச்சுக்கிடுதேன்"னு ஐயா சொன்னாங்க. சொன்னாங்கம்மா, என் காதால கேட்டேன். நான்தான் ஏறினேன். எப்படிச் சமாளிப்பாங்க? ரெண்டாவது வீட்டுல ஒரே பேருல ரெண்டு மருமகன். ஆளு மாறிக் கையப் புடிச்சுட்டா அசிங்கம்லா.

துக்க வீட்டுல போன் அடிக்கக் கூடாதுன்னு சத்தத்தை அமத்தி வச்சிருந்தேன். ரெண்டாவது வீட்டுல இருந்து வெளிய வந்து பாக்கேன், பொண்ணு பதினோரு தடவை கூப்பிட்டிருக்கா. பன்னண்டாவது நான் கூப்பிட்டேன். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. எனக்கு விளங்கிட்டு. எத்தனை வீட்டுல கேட்ட சத்தம்.

மறுநாள் காலையில இதே கூடத்துலதான் கிடத்தியிருந்தோம். நீங்க உக்காந்திருக்கீங்கள்லா, அந்த இடத்துலதான் அவ தலைமாடு. இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க, உக்காருங்கம்மா. நான் தலைமாட்டுல உக்காந்திருக்கேன், பொண்ணு எதுத்தாப்புல. வாசல்ல, ஐயா வந்துட்டாங்கன்னு சத்தம். பத்து இருபது பேரு கூட வந்திருக்காங்க. ஐயா வாசல்ல குனிஞ்சு வாரை அவிழ்த்தாங்க. ஒரு கால் அவிழ்த்தாச்சு. ரெண்டாவது கால்ல கொக்கியைப் புடிச்ச கை அப்படியே நிக்குது. நிமிரவும் இல்ல, உள்ள வரவும் இல்ல. இடது பக்கமா லேசாத் தலையைச் சாச்சுக்கிட்டு அப்படியே நிக்காங்க. சனம் பூரா பாக்குது.

ஐயாவை அப்படி நிக்க விடலாமா? சொல்லுங்க. விடலாமா?

எந்திரிச்சுப் போனேன். குனிஞ்சேன். "பேரு உலகம்மாள். பொண்ணு அனுசுயா. கிட்னி. பேச்சு இல்லாதவங்க யாரும் கிடையாது"ன்னு சொன்னேன். ஐயா உள்ள வந்தாங்க. பொண்ணு ரெண்டு கையையும் புடிச்சு, "அனுசுயா, உலகம்மாள் கையால சாப்பிட்ட கடனை நான் எந்த ஜென்மத்துல தீப்பேன்"னாங்க. கண்ணுல தண்ணி நிக்குது. பொய்த் தண்ணி இல்லம்மா. நிஜமாவே அழுதாங்க. ஒரு தலைவர் வந்து அப்படி அழுததை இந்தத் தெரு பாத்தது இல்ல. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

ஆனா பொண்ணு கையை உருவிக்கிட்டா.

அன்னைக்கே எல்லாம் முடிஞ்ச பிறகு கேக்கா. "இருபத்தேழு வருஷம் அம்மா கையால சோறு தின்னவருக்கு அம்மா பேரை நீங்க போய்ச் சொல்லிக் கொடுக்கணுமாப்பா?" நான் சொன்னேன், "தங்கச்சின்னுதானே கூப்பிடுவாங்க, தங்கச்சியைப் பேரு சொல்லியா கூப்பிடுவாங்க?" நியாயம்தானே? நீங்க சொல்லுங்க, நியாயம்தானே? அதுக்கு அவ, "அம்மா உசுரோட இருந்தப்பவும் நீங்க பக்கத்துல இல்ல. செத்த பிறகாவது உக்காந்திருந்தீங்க, அப்பவும் எந்திரிச்சுப் போயிட்டீங்க. இனி அங்கேயே இருங்க"ன்னுட்டு, காரியம் முடிஞ்ச மறுநாள் பஸ் ஏறிட்டா. அதோட பேச்சு நின்னு போச்சு. பிடிவாதம். அப்படியே அவ அம்மா. இல்ல, அவ அம்மாவுக்குப் பிடிவாதம் கிடையாது. யாரு மாதிரின்னு தெரியல.

ஐயா நிலைமை போன வருஷத்துல இருந்துதான் மோசமாச்சு. முதல்ல ஊர் மறந்தாங்க, அப்புறம் ஆள் மறந்தாங்க. கடைசியா மகனையே தெரியல. மகன் டாக்டரு, இளங்குமரன். வீட்டுக்குள்ள யாரையும் விடல. ஐயாவை அப்படி யாரும் பாக்கக் கூடாதுன்னு. சரிதானே. நான் ஏழு தடவை போயி வாசல் கேட்டுலயே திரும்பி வந்தேன். எட்டாவது தடவை மகனே வெளிய வந்தாரு. "அண்ணாச்சி, வாங்க. ஆனா அப்பாவுக்கு உங்களையும் தெரியாது, மனசு கஷ்டப்படாதீங்க"ன்னாரு.

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. என்னைத் தெரியாம எப்படிப் போகும்?

நாற்காலியில உக்காத்தி வச்சிருந்தாங்க. இளைச்சுப் போயி, சட்டை தொளதொளன்னு தொங்குது. மகன், "அப்பா, யாரு வந்திருக்காங்க பாருங்க"ன்னாரு. ஐயா என்னைப் பாத்தாங்க. நல்லாப் பாத்தாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கேன். ஒரு பேரு, அவங்க வாயில இருந்து வந்துரும்னு நிக்கேன். முப்பத்தோரு வருஷத்துல என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, தெரியுமா? "ஏய்"னா நான், "வாடா"ன்னா நான். பக்கத்துல நிக்கிறவனுக்கு எதுக்குப் பேரு?

ஐயா மெல்லத் தலையைச் சாச்சாங்க. இடது காதை என் பக்கம் நீட்டினாங்க.

யாருன்னு சொல்லுன்னு கேக்காங்கம்மா. என்னை, யாருன்னு என்கிட்டயே.

ஆனா காதை நீட்டிட்டா நான் சொல்லித்தானே ஆகணும்? பக்கத்துல மண்டி போட்டு உக்காந்தேன். "பேரு பூவலிங்கம். சம்சாரம் தவறிட்டு, கிட்னி. ஒரே பொண்ணு, கோயம்புத்தூர்ல. அப்பனுக்கும் மகளுக்கும் நாலு வருஷமாப் பேச்சு இல்ல." இந்த நாலும் சொன்னேன். சொல்லச் சொல்ல ஐயா மூஞ்சி மாறுது. பழைய மூஞ்சி வருது. நிமிர்ந்து உக்காந்து என் ரெண்டு கையையும் புடிச்சாங்க. "பூவலிங்கம்"னாங்க.

என் பேரைச் சொல்லிட்டாங்க. நான் சொல்லிக் கொடுத்துத்தான். இருந்தாலும் சொன்னாங்கல்லா. நான் உடைஞ்சு போயிட்டேன். எத்தனை பேரு அந்தக் கையில அழுதிருப்பான், எனக்கு அந்தக் கை அன்னைக்குத்தான் கிடைச்சுது.

அப்ப ஐயா கேட்டாங்க, "பேரப் பிள்ளை உண்டா?" உண்டுன்னேன். ரெண்டு வருஷம் முன்னால பொம்பளைப் பிள்ளை பிறந்திருக்கு. மருமகன் வழிச் சொந்தக்காரர் ஒருத்தர் டவுன் பஸ்ஸுல பாத்துச் சொன்னாரு. "பேரு என்ன?"ன்னு கேட்டுட்டு ஐயா மறுபடி காதைச் சாச்சாங்க.

எனக்குத் தெரியாது.

நூத்தி நாப்பது ஊரு, ஒவ்வொரு வீட்டுக் கைப்பிள்ளை பேரும் தெரியும். இது தெரியாது. அந்தச் சொந்தக்காரர்கிட்டக் கேட்டிருக்கலாம். வெக்கமா இருந்துச்சும்மா. பேத்தி பேரை ஊரான்கிட்டப் போயா கேப்பான் ஒருத்தன்? ஐயா காதைச் சாச்சுக்கிட்டே இருக்காங்க. அந்தக் காதை நான் காத்துக்கிடக்க விட்டதே இல்ல. "உலகம்மாள்"னு சொல்லிட்டேன். அம்மா பேரைத்தான் வச்சிருப்பான்னு ஒரு நெனப்பு. அவ அம்மா மேல உசுரா இருந்தவ, வச்சிருப்பால்லா?

"பழைய பேரு. நல்ல பேரு"ன்னாங்க ஐயா. அப்புறம் என் கையைத் தட்டிக் கொடுத்து, "பொண்ணுகிட்ட நீ ஒன்னும் பேச வேண்டாம். நான் பேசுறேன்"னாங்க.

அது ஒரு செவ்வாக்கிழமை. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஐயா போயிட்டாங்க.

சாவுக்குப் போனேன். ஆளோட ஆளா வரிசையிலதான் நின்னேன். மந்திரி வந்தாங்க, மலர் வளையம் வச்சாங்க. மகன் வாசல்ல நின்னு எல்லாரையும் கும்பிட்டுக்கிட்டு நிக்காரு. தொகுதியே வந்து அழுவுது, அவருக்கு ஒருத்தரையும் தெரியல. பிச்சைக்கனி வாரான், மேலக்காட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து வாராங்க, அவரு எல்லாருக்கும் ஒரே கும்பிடு. எனக்குத் தாங்கல. கயித்தைத் தாண்டி மகன் பக்கத்துல போகப் பாத்தேன், ஒரு போலீஸ்காரத் தம்பி, "பெரியவரே, வரிசையில வாங்க"ன்னு நெஞ்சுல கைய வச்சுத் தள்ளிட்டான். அங்கேயே நின்னுக்கிட்டேன். வாரவங்க போறவங்க பேரை எல்லாம் தானாச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன் போல. பக்கத்துல நின்னவன், "தாத்தா, என்ன முணங்குதீங்க, தண்ணி வேணுமா"ன்னு கேட்டான்.

நீங்க கண்ணைத் தொடைங்க. காபி ஆறிட்டு.

மலர்ல இந்தக் காது சமாச்சாரம் ஒன்னும் வரக் கூடாது, சொல்லிட்டேன். ஐயா எல்லாரையும் மனசுல வச்சிருந்தாங்கன்னுதான் வரணும். ஆளைப் பறிகொடுத்தவங்க எல்லாரும் அப்படி நம்பித்தான் ஆறிக்கிட்டாங்க. இப்பப் போயி அதைப் பிடுங்கக் கூடாது. என் பேரு இல்லாட்டியும் பரவாயில்ல.

என்ன, நான் போன் போடலாமேன்னா? நான் எப்படிம்மா போடுவேன்? ஒன்னும் பேச வேண்டாம்னு ஐயா சொல்லியிருக்காங்க. பேசுறேன்னு சொல்லியிருக்காங்க. பேசாம விட்டது கிடையாதுன்னு உங்ககிட்ட எழுதச் சொன்னேன்லா. இந்த ஒன்னுதான்... இந்த ஒன்னு மட்டும்தான் நிக்குது. நிக்கட்டும். அதுக்கு அவங்க என்ன செய்வாங்க.

ஒரு உதவி மட்டும் கேக்கேன். தப்பா நெனக்காதீங்க. இந்தத் தாளுல இருக்கிறது பொண்ணு நம்பரு. என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டா. நீங்க கூப்பிடுங்க. மலருக்காகக் கேக்கேன்னு சொல்லுங்க, நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். வேற ஒன்னும் கேக்க வேண்டாம். பிள்ளை பேரு என்னன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. ஐயாகிட்ட நான் சொன்னது சரிதானான்னு தெரியணும். முப்பத்தோரு வருஷத்துல ஒரு பேரு தப்பாச் சொன்னது இல்லம்மா நான்.